ஹிஸ்டிரோஸ்கோப்பி பண்றப்போ வி.ஆர். ஹெட்செட் போட்டுக்கலாமா? போட்டுக்கிட்டவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்

மழைமேகம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருக்கேன், எழுதறது இதுதான் முதல் தடவை. எனக்கு வயசு 41. ஆறு மாசமா பீரியட்ஸ் ஒழுங்கா இல்ல, நடு நடுவுல ப்ளீடிங் வேற, ஸ்கேன் பண்ணினப்போ கர்ப்பப்பைக்குள்ள சின்னதா பாலிப் மாதிரி, அதாவது ஒரு சதை வளர்ச்சி, தெரியுதுன்னு சொல்லி ஹிஸ்டிரோஸ்கோப்பி (கேமரா வெச்ச மெல்லிய குழாய கர்ப்பப்பைக்குள்ள விட்டுப் பாக்கறது) பண்ணிப் பாத்துடலாம், அப்படியே பயாப்ஸி டெஸ்டுக்கும் கொஞ்சம் சதை எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க. மயக்கம் கொடுக்க மாட்டாங்களாம், முழிச்சிட்டு இருக்கும்போதே ஓ.பி.யிலயே முடிச்சு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். அடுத்த வியாழக்கிழமை டேட் கொடுத்திருக்காங்க.

எனக்கு பயம் பாலிப்ப நினைச்சு இல்ல, அந்த டேபிள நினைச்சுதான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி கருத்தடைக்கு காப்பர்டி வெக்கறதுக்குப் போனேன், "லேசா சுருக்குன்னு இருக்கும், அவ்ளோதான்"னு சொன்னாங்க. கர்ப்பப்பை வாய ஒரு கிளாம்ப்ல பிடிச்சு இழுத்தாங்க பாருங்க, அந்த வலிய எனக்கு இன்னிக்கும் சொல்லத் தெரியல. டேபிள் ஓரத்துல ரெக்ஸின் கிழிஞ்சு உள்ள இருந்த பஞ்சு வெளிய தெரிஞ்சுது, அந்தக் கிழிசலுக்குள்ள விரல விட்டுப் பிடிச்சுக்கிட்டு "போதும், நிறுத்துங்க"ன்னு ரெண்டு தடவ சொன்னேன், "இதோ முடிஞ்சிடுச்சும்மா"ன்னு சொல்லிக்கிட்டே பண்ணிட்டுதான் இருந்தாங்க. வெளிய வந்து கை கழுவும்போதுதான் பாத்தேன், நகத்துக்குள்ள எல்லாம் பஞ்சு. அதுக்கப்புறம் பாப் ஸ்மியர்கூட (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முன்கூட்டியே பாக்கற டெஸ்ட்) எடுத்துக்கல, நாலு வருஷமா ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டுட்டே வர்றேன்.

இப்ப வேற இடத்துலதான் பண்ணிக்கப் போறேன். அங்க கொடுத்த பேப்பர்ல, விருப்பப்பட்டா ப்ரொசீஜர் நேரத்துல வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட் போட்டுக்கலாம், பதட்டமும் வலியும் குறைய உதவும்னு போட்டிருக்கு. கண்ணாடி மாதிரி மாட்டிக்கிட்டா கடல், காடுன்னு சுத்தி எல்லாப் பக்கமும் தெரியுமாம். படிச்சதும் நல்லா இருக்கேன்னுதான் தோணுச்சு, ராத்திரி படுத்து யோசிச்சா வேற மாதிரி இருக்கு. கண்ண மூடிட்டா கீழ என்ன நடக்குதுன்னே தெரியாதே, நான் நிறுத்தச் சொன்னா கேப்பாங்களா? இத மாட்டி விட்டுட்டு வலி மருந்து வேண்டாம்னு சொல்லிடுவாங்களோ? எனக்குப் பவர் கிளாஸ் வேற, அதுமேல போட முடியுமா? மைக்ரேனும் எப்பவாவது வரும். உண்மையிலயே வலி குறையுதா, இல்ல சும்மா வேடிக்கைக்கா? அனுபவப்பட்டவங்க மறைக்காம சொல்லுங்க, பயப்படுவேனோன்னு யோசிக்காதீங்க.

---

நூல்கண்டு எழுதியது:

மழைமேகம், நீங்க எழுதினதப் படிச்சு மனசு கஷ்டமாயிடுச்சு. நிறுத்தச் சொன்னா நிறுத்தணும், அதுல பேச்சே கிடையாது. அன்னைக்கு நடந்தது உங்க தப்பு இல்ல, உங்களுக்கு வலி தாங்கத் தெரியலன்னும் அர்த்தம் இல்ல.

நான் போன வருஷம் ஹிஸ்டிரோஸ்கோப்பிக்கு வி.ஆர். போட்டுக்கிட்டேன். எனக்கு எப்படி இருந்துச்சுன்னு அப்படியே சொல்றேன், உங்களுக்கும் அதே மாதிரி இருக்கும்னு சொல்ல மாட்டேன். மாட்டினதும் முதல்ல தெரிஞ்சது அதோட கனம்தான், கன்னத்து எலும்புமேல அழுத்திட்டு இருந்துச்சு, மூக்குப் பக்கம் கீழ லேசா வெளிச்சம் வேற வந்துச்சு, நர்ஸ் வந்து பட்டைய இறுக்கிச் சரி பண்ணினாங்க. அப்புறம் தண்ணிக்கு நடுவுல ஒரு மரப்பாலத்துல உக்காந்திருக்கற மாதிரி, தலையத் திருப்புனா அந்தப் பக்கமும் தண்ணி. காதுல ஒரு குரல் மெதுவா மூச்ச இழுக்கச் சொல்லுது, நாம மூச்சு விடறப்போ எதிர்ல ஒரு மரத்துல இலையெல்லாம் அசையுது. முதல் ரெண்டு நிமிஷம் இதுல எல்லாம் மனசு போகல, கால் ரெண்டும் அந்தத் தாங்கிமேல இருக்குங்கற நெனப்புதான் ஓடிட்டே இருந்துச்சு. அப்புறம் எப்படின்னு தெரியல, இலைங்கள எண்ண ஆரம்பிச்சிட்டேன்.

வலி இருந்துச்சா? இருந்துச்சு. கர்ப்பப்பைய விரிக்கறதுக்காக உள்ள சலைன் (உப்புத் தண்ணி) போறப்போ பீரியட்ஸ் முதல் நாள் மாதிரி அடிவயிறு இறுக்கிப் பிடிச்சுது, பயாப்ஸி எடுத்த அந்த ஒரு நிமிஷம் இலையும் இல்ல தண்ணியும் இல்ல, வலி மட்டும்தான். ஆனா முன்னாடியும் பின்னாடியும் இருந்த நேரம் லேசாப் போயிடுச்சு. "அடுத்து என்ன பண்ணப்போறாங்களோ, எப்ப பண்ணப்போறாங்களோ"ன்னு உடம்ப முறுக்கி வெச்சிட்டுக் காத்திருப்போமே, அந்தக் காத்திருக்கறது எனக்கு இல்லாமப் போச்சு. முடிஞ்சிடுச்சுன்னு சொன்னப்போ அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும்னு நெனச்சேன், பதினாலு நிமிஷம் ஆயிருந்துச்சு. ஹெட்செட்ட கழட்டினதுக்கு அப்புறம்தான் தெரியுது, நர்ஸ் கைய நான் ஆரம்பத்துல இருந்தே பிடிச்சிட்டுதான் இருந்திருக்கேன்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே டாக்டர் சொன்ன வலி மாத்திரையும் போட்டுக்கிட்டுதான் போனேன். அதையும் சேத்துதான் எனக்கு அப்படி இருந்துச்சு, எது எவ்ளோ வேலை செஞ்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது.

---

வெள்ளைச்சீருடை எழுதியது:

நான் இந்த ப்ரொசீஜர் ரூம்லதான் நர்ஸா வேலை பாக்கறேன், ஒன்பது வருஷமாச்சு. ஹிஸ்டிரோஸ்கோப்பி, கொல்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாய பெருசாக்கிப் பாக்கற டெஸ்ட்), காப்பர்டி எல்லாத்துக்கும் நிக்கறேன், வி.ஆர். எங்ககிட்ட வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். அதனால பக்கத்துல நின்னு பாத்தத சொல்றேன் சிஸ்டர்.

முதல்ல உங்க பெரிய பயத்துக்கு வர்றேன். ஹெட்செட் மாட்டறதுக்கு முன்னாடியே நர்ஸ்கிட்டயும் டாக்டர்கிட்டயும் நேராப் பாத்து, "நான் கைய தூக்கினா நிறுத்தணும், போன தடவ நான் சொல்லியும் யாரும் நிறுத்தல, அதனால கேக்கறேன்"னு சொல்லிடுங்க. போன தடவ நடந்த அந்தக் காரணத்தையும் சேத்துச் சொல்லுங்க, அதக் கேட்டா அந்த ரூம்ல இருக்கற எல்லாரும் வேற மாதிரி நடந்துக்குவாங்க. கைய தூக்கினா ஸ்கோப்ப அசைக்காம அப்படியே நிறுத்திட்டு உங்ககிட்ட கேக்கணும், வேண்டாம்னா எடுத்துடணும். பாதியில நிறுத்திட்டு இன்னொரு நாள் மயக்கத்துல பண்ணிக்கறதுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு, அதையும் முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.

ரெண்டாவது, ரெண்டு காதையும் அடைக்க வேண்டாம். ஒரு காதுல மட்டும் சத்தம் வெச்சுக்கோங்க, இல்ல ரெண்டுலயும் குறைச்சு வெக்கச் சொல்லுங்க. "இப்ப சலைன் போகுது, இப்ப கொஞ்சம் பிடிக்கும்"னு நாங்க சொல்றது உங்க காதுல விழணும். எங்களுக்கும் உங்க முகம்தான் துணை, நெத்தி சுருங்குதா, உதடு வெளுக்குதா, வேர்க்குதான்னு பாத்துட்டே இருப்போம், ஹெட்செட் போட்டா பாதி முகம் மறைஞ்சிடுது. அதனால வி.ஆர். போட்டவங்க கிட்ட நான் வழக்கத்த விட அதிகமாப் பேச்சுக் கொடுப்பேன், கைய விடவே மாட்டேன். சில இடத்துல இத மாட்டிவிட்டுட்டு "அவங்க பாத்துக்குவாங்க"ன்னு நர்ஸ் நகர்ந்துடறாங்க, அது எனக்குக் கொஞ்சம்கூட ஒத்துக்காத விஷயம். மெஷின் கைய பிடிக்காது.

மூணாவது மயக்கம் வர்ற விஷயம். கர்ப்பப்பை வாய தொட்டாலோ விரிச்சாலோ சிலருக்கு நாடித்துடிப்பு சட்டுனு இறங்கி, தலை சுத்தி, வாந்தி வர்ற மாதிரி ஆகும், இத நாங்க அடிக்கடி பாக்கறோம், படுக்கவெச்சுக் கால தூக்கினா பெரும்பாலும் சரியாயிடும். ஹெட்செட்டும் சிலருக்குத் தலைசுத்தல் கொடுக்கும், ஏன்னா கண்ணு நகர்றோம்னு சொல்லுது, காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு நகரலன்னு சொல்லுது, ரெண்டும் ஒத்துப்போகல. அதனால பறக்கற மாதிரி, வண்டியில போற மாதிரி இருக்கற படம் எதுவும் வேண்டாம்னு சொல்லிடுங்க, ஒரே இடத்துல உக்காந்து பாக்கற மாதிரி இருக்கறத கேளுங்க. மைக்ரேன் இருக்குன்னு கட்டாயம் சொல்லுங்க, வலிப்பு வந்திருந்தா, காது சம்பந்தப்பட்ட தலைசுத்தல் இருந்தா நாங்க இத மாட்டவே மாட்டோம்.

பவர் கிளாஸ் பத்திக் கேட்டீங்க, நிறைய ஹெட்செட்ல உள்ள கண்ணாடிக்கு இடம் இருக்கும், ஃப்ரேம் ரொம்ப அகலமா இருந்தா இடிக்கும். முடிஞ்சா அரைமணி நேரம் முன்னாடி போய் உக்காந்த நிலையிலயே ஒரு தடவ மாட்டிப் பாத்துடுங்க, டேபிள்ல படுத்ததுக்கு அப்புறம் முதல் தடவையா மாட்டாதீங்க. படுத்ததும் காட்சிய திரும்ப நேர் பண்ணச் சொல்லணும், இல்லன்னா மொத்த நேரமும் வானத்தையே பாத்துட்டு இருப்பீங்க, நிறைய பேர் இதக் கேக்கத் தெரியாம சும்மா இருந்துடறாங்க. முகத்துல படற இடத்துக்குப் புது டிஸ்போசபிள் உறை போடறாங்களான்னும் பாருங்க.

---

ஜன்னலோரம் எழுதியது:

இங்க எல்லாரும் நல்லபடியா சொல்றதால நான் மறுபக்கத்த சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

எனக்கு ரெண்டே நிமிஷத்துல கழட்டச் சொல்ல வேண்டியதாயிடுச்சு. கொல்போஸ்கோப்பிக்குப் போயிருந்தேன், எனக்குச் சின்ன வயசுல நடந்த ஒரு விஷயம் இருக்கு, அத இங்க விரிவா எழுத விரும்பல. ஹெட்செட்ட மாட்டினதும் கடற்கரை வந்துச்சு, அழகாத்தான் இருந்துச்சு, ஆனா கதவு திறக்கற சத்தம் கேட்டுச்சு, யாரு உள்ள வந்தாங்க, எங்க நிக்கறாங்கன்னு எனக்குத் தெரியல. இடுப்புக்குக் கீழ துணி இல்லாம படுத்திருக்கறப்போ, சுத்தி யார் இருக்காங்கன்னு தெரியாம எனக்கு ஒரு கடற்கரையும் வேண்டாம். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு மூச்சே முட்டிடுச்சு.

நல்ல வேளை அந்த டாக்டரம்மா உடனே எடுத்துட்டாங்க, ஒரு வார்த்தகூட குறையா சொல்லல. ஸ்க்ரீன என் பக்கம் திருப்பி வெச்சாங்க, "இதுதான் உங்க கர்ப்பப்பை வாய், இப்ப இதுமேல வினிகர் மாதிரி ஒரு திரவத்த தடவறேன், மாற்றம் இருக்கற இடம் வெள்ளையாத் தெரியும், லேசா எரியலாம்"னு ஒவ்வொண்ணா சொல்லிட்டே பண்ணினாங்க. எனக்கு அதுதான் தைரியம் கொடுத்துச்சு. எனக்குப் பாக்கணும். பாத்தாதான் உடம்பு தளருது.

அதனால மழைமேகம், உங்க கதையப் படிச்சா எனக்குத் தோணுறது, உங்களுக்கும் என்ன மாதிரி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பல் டாக்டர்கிட்ட போனா நீங்க கண்ண இறுக்கி மூடிக்குவீங்களா, இல்ல அவர் கையில என்ன இருக்குன்னு பாத்துட்டே இருப்பீங்களா? ஊசி போடறப்போ முகத்தத் திருப்பிக்குவீங்களா, ஊசியையே பாப்பீங்களா? திருப்பிக்கற ஆளா இருந்தா ஹெட்செட் உங்களுக்கு நல்லா இருக்கும்னு நெனக்கறேன். பாக்கற ஆளா இருந்தா யோசிங்க. அவங்க ஆசையா கொடுக்கறாங்களேன்னு வேண்டாம்னு சொல்லத் தயங்காதீங்க.

---

மூணாம்ஷிஃப்ட் எழுதியது:

நான் மயக்க மருந்துத் துறைல படிச்சிட்டு இருக்கேன், வலி சம்பந்தமாத்தான் என் வேலை எல்லாம், அதனால "உண்மையிலயே குறையுதா"ங்கற கேள்விக்கு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

இது ஆரம்பிச்சது பெண்கள் மருத்துவத்துல இல்ல, தீக்காயத்துல. அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன்னு ரெண்டு பேர், தீக்காயம் பட்டவங்களுக்குப் புண்ணுக்குக் கட்டு மாத்தறப்போ வர்ற கொடுமையான வலிக்காக ஒரு பனி உலகத்த உருவாக்கினாங்க, ஸ்னோவேர்ல்ட்னு பேர். பனிப்பள்ளத்தாக்குல மிதந்துட்டே பனிமனுஷங்க மேல பனிப்பந்து எறியணும், அவ்ளோதான். மார்ஃபின் மாதிரி பலமான வலி மருந்து கொடுத்தும் தாங்க முடியாத வலிய அதுக்கும் மேல இது குறைச்சுது. 2004ல ஹாஃப்மன் குழு எம்.ஆர்.ஐ. ஸ்கேன்ல வெச்சே பாத்தாங்க, வெப்பத்தால வலி கொடுக்கறப்போ வி.ஆர். பாத்துட்டு இருந்தவங்க மூளையில வலி சம்பந்தப்பட்ட அஞ்சு பகுதிலயும் செயல்பாடு குறைஞ்சிருந்துச்சு. அதனால வேடிக்கைக்குன்னு சொல்லிட முடியாது. கவனம்ங்கறது நமக்கு அளவாத்தான் இருக்கு, வலிய உணரவே கவனம் வேணும், அதுல பெரும்பங்க வேற ஒண்ணு எடுத்துக்கிட்டா வலிக்கு மிச்சம் கொஞ்சம்தான். வலிய மேல போக விடறதா வேண்டாமான்னு தண்டுவடத்துலயே ஒரு கதவு மாதிரி இருக்கு, மூளையும் அந்தக் கதவ அழுத்தி மூட முடியும்னு 1965லயே ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால்னு ரெண்டு வலி ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க, பயம் அந்தக் கதவ திறந்துவிடும். நூல்கண்டு அக்கா சொன்ன அந்தக் "காத்திருக்கறது" இருக்கே, அதுல பாதி விஷயம் இருக்கு.

இப்ப ஹிஸ்டிரோஸ்கோப்பிக்கு வருவோம். 2021ல பி.ஜே.ஓ.ஜி.ங்கற மகப்பேறு மருத்துவ இதழ்ல 40 பெண்கள வெச்சுப் பண்ணின ஒரு ஆய்வு வந்துச்சு, வழக்கமான முறைல பண்ணினவங்களுக்கு 10க்குச் சராசரி வலி 6, வி.ஆர். போட்டவங்களுக்கு 3.7, பதட்டமும் குறைஞ்சிருந்துச்சு. கேக்க ரொம்ப நல்லா இருக்கு. ஆனா 2023ல அதே இதழ்ல அதவிட அதிகம் பேர வெச்சு வந்த இன்னொரு ஆய்வுல வலியிலயும் பதட்டத்துலயும் வித்தியாசமே தெரியல. ரெண்டையும் சேத்துதான் பாக்கணும், முதல் ஒண்ண மட்டும் காட்டி விளம்பரம் பண்றது சரியில்ல. என் எண்ணம் என்னன்னா, ஸ்னோவேர்ல்ட்ல கை வேலை செய்யுது, குறி பாக்கணும், எறியணும். ப்ரொசீஜர் ரூம்ல அசையாம படுத்துட்டுக் கடல சும்மா பாக்கறது அவ்ளோ கவனத்த இழுக்காது. அதோட இங்க வலி எல்லாம் ஒரே வலி இல்ல. கர்ப்பப்பை வாய்லருந்து வர்ற வலி தண்டுவடத்தோட கடைசிப் பகுதி நரம்புங்க வழியா போகுது, கர்ப்பப்பை மேல்பகுதி இறுக்கறது அதுக்கு மேல இருக்கற நரம்புங்க வழியா போகுது, சலைன் அழுத்தம், கிளாம்ப், பயாப்ஸி எல்லாமே வேற வேற நேரத்துல வேற வேற பாதையில வருது. கர்ப்பப்பை வாய சுத்திப் போடற மரத்துப்போற ஊசிகூட மேல்பகுதி இறுக்கத்த முழுசா நிறுத்தாது. இதையெல்லாம் ஒரு ஹெட்செட் தனியா சமாளிக்கும்னு எதிர்பாக்கக் கூடாது.

2021 நவம்பர்ல அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி அனுமதி அமைப்பு எஃப்.டி.ஏ. ஒரு வி.ஆர். சிகிச்சைக்கு அனுமதி கொடுத்துச்சு, அத யாராவது இதுக்குச் சாட்சியா சொன்னா நம்பாதீங்க, அது நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வீட்ல வெச்சு எட்டு வாரம் பண்றது, கதையே வேற.

அதனால மழைமேகம் அக்கா, நீங்க கேட்ட "இத மாட்டிட்டு மருந்து வேண்டாம்னு சொல்லிடுவாங்களோ"ங்கறதுதான் இந்தப் பேச்சுலயே முக்கியமான கேள்வி. அப்படிச் சொன்னா ஒத்துக்காதீங்க. போறதுக்கு முன்னாடி இதெல்லாம் கேளுங்க: ஸ்கோப் எவ்ளோ மெல்லிசு, 3.5 மில்லிமீட்டருக்குள்ள இருக்கா? ஸ்பெகுலமும் (பிறப்புறுப்ப விரிச்சுப் பிடிக்கற கருவி) கிளாம்பும் இல்லாம நேரடியா ஸ்கோப்ப மட்டும் நுழைச்சுப் பண்ற முறை இருக்கு, அத பண்ண முடியுமா? இது ரொம்ப முக்கியம், ஏன்னா உங்களுக்குப் போன தடவ நடந்ததே கிளாம்ப்லதான். வலி மாத்திரை எது, எத்தன மணிக்குப் போடணும்? மரத்துப்போற ஊசி தேவைப்பட்டா போடுவீங்களா? பிரிட்டன்ல மகப்பேறு மருத்துவர்களோட ராயல் காலேஜ் இந்த மெல்லிய ஸ்கோப்பையும் ஸ்பெகுலம் இல்லாத முறையையும்தான் சொல்லுது. அமெரிக்காவுல அரசு சுகாதார அமைப்பான சி.டி.சி. 2024லயும், மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2025லயும், காப்பர்டி மாதிரி விஷயங்களுக்கு வலியப் பத்தி முன்னாடியே பேசணும், என்னென்ன வழி இருக்குன்னு சொல்லணும்னு வெளிப்படையா எழுதிட்டாங்க. "லேசா சுருக்குன்னு இருக்கும்" எல்லாம் இனிமே ஒரு பதில் ஆகாது.

---

கரையோரத்தென்னை எழுதியது:

என் மனைவிக்காகக் கேக்கறேன். அவங்களுக்கு அடுத்த மாசம் காப்பர்டி மாத்தணும், போற இடத்துல ஹெட்செட் எல்லாம் கிடையாது. ஃபோன உள்ள சொருகற அட்டைப் பெட்டி மாதிரி வருதே, அத வாங்கிட்டுப் போலாமா? நான் கூட உள்ள இருக்கலாமா?

---

வெள்ளைச்சீருடை எழுதியது:

அந்த அட்டைப் பெட்டிய கையால பிடிச்சிட்டே இருக்கணும் தம்பி, படுத்துட்டு முடியாது, படமும் தலை அசைவுக்குக் கொஞ்சம் பின்தங்கியே வரும், தலைசுத்தும். அதுக்குப் பதிலா அவங்களுக்குப் பிடிச்ச பாட்டு காதுல ஓடட்டும், நீங்க தலைமாட்டுல நின்னு பேச்சுக் கொடுங்க. கூட இருக்கலாமான்னு முன்னாடியே ஃபோன் பண்ணிக் கேளுங்க, அதுக்கும் முன்னாடி மனைவிகிட்ட கேளுங்க, சிலர் வேண்டாம்னு சொல்லுவாங்க. வலி மாத்திரை, மரத்துப்போற ஊசி பத்தி மேல சொன்னதெல்லாம் அவங்களுக்கும் பொருந்தும்.

---

மழைமேகம் எழுதியது:

இவ்ளோ பேர் இவ்ளோ விரிவா எழுதுவீங்கன்னு நெனக்கல, உக்காந்து அழுதுட்டேன், நல்லவிதமான அழுகைதான். ஜன்னலோரம் அக்கா, நீங்க எழுதினதுக்குத் தனியா நன்றி, அத எழுத எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பீங்கன்னு தெரியுது. ஊசி போடறப்போ நான் முகத்தத் திருப்பிக்கற ஆளுதான், ஆனா யார் உள்ள வர்றாங்கன்னு தெரியலன்னா எனக்கும் தாங்காது. ரெண்டும் கலந்த ஆள் போல. நீங்க எல்லாரும் சொன்னத ஒரு பேப்பர்ல எழுதிட்டேன், வாய் வராம போனா அத அப்படியே நீட்டிடலாம்னு இருக்கேன். நாளைக்கு ஃபோன் பண்ணி ஸ்கோப் பத்தியும் மாத்திரை பத்தியும் கேக்கறேன். வியாழக்கிழமை முடிஞ்சதும் வந்து எழுதறேன்.

---

மழைமேகம் எழுதியது:

முடிஞ்சிடுச்சு. வீட்டுக்கு வந்து அடிவயித்துல ஹாட் பேக் வெச்சிட்டுப் படுத்துட்டே டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

ஃபோன்ல கேட்டப்பவே, மெல்லிய ஸ்கோப்தான், முடிஞ்ச வரைக்கும் ஸ்பெகுலம் இல்லாமதான் பண்ணுவோம்னு சொன்னாங்க, அதுலயே பாதி பயம் போச்சு. மாத்திரைய ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுக்கிட்டேன். அரைமணி நேரம் முன்னாடியே போய் உக்காந்துட்டு ஹெட்செட்ட மாட்டிப் பாத்தேன், கிளாஸோட சரியா உக்காந்துச்சு. மைக்ரேன்னு சொன்னதும் அவங்களே நகராத படமா ஒரு குளக்கரைய வெச்சாங்க. பேப்பர டாக்டர் கையில கொடுத்தேன். நின்னுட்டே முழுசாப் படிச்சாங்க, படிச்சிட்டு "நீங்க கைய தூக்கினா நான் நிறுத்துவேன், ஒரு தடவ இப்பவே தூக்கிக் காட்டுங்க"ன்னாங்க. தூக்கிக் காட்டினேன். ரூம்ல மூணே பேர்தான் இருப்பாங்கன்னு ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் காட்டினாங்க, கதவ உள்ள தாழ் போட்டாங்க, அந்தத் தாழ் சத்தம் எனக்கு அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு.

படுத்ததும் குளம் தலைக்கு மேல போயிடுச்சு, நேர் பண்ணச் சொன்னேன், வெள்ளைச்சீருடை அக்கா இது உங்களாலதான் தெரிஞ்சுது. ஒரு காதுல மட்டும் சத்தம். ஸ்கோப் போறப்போ அழுத்தம்தான், வலின்னு சொல்ல மாட்டேன், கிளாம்ப் போடவே இல்ல. சலைன் நிரம்பறப்போ இறுக்க ஆரம்பிச்சுது, குளத்துல ஒரு தும்பி வந்து வந்து உக்காந்துட்டு இருந்துச்சு, அது எத்தன தடவ உக்காருதுன்னு பாத்துட்டே மூச்சு விட்டேன். பாலிப் எடுக்கறப்போ வலி ஏறுச்சு, 10க்கு 6 சொல்லுவேன், கைய தூக்கினேன். நிறுத்தினாங்க. நிஜமாவே நிறுத்திட்டாங்க. அப்ப எனக்குக் குளம் வேண்டாம், ரூமப் பாக்கணும்னு தோணுச்சு, கழட்டச் சொன்னேன். கொஞ்சம் மூச்சு வாங்கினதும் மரத்துப்போற ஊசி போட்டு மிச்சத்த முடிச்சாங்க, அந்தக் கடைசிப் பகுதிய நர்ஸ் முகத்தப் பாத்துக்கிட்டேதான் முடிச்சேன்.

அதனால வி.ஆர். எனக்கு உதவுச்சான்னு கேட்டா, முதல் பாதிக்கு உதவுச்சு. காத்திருக்கறப்பவும் ஸ்கோப் நுழையறப்பவும் என் உடம்பு முறுக்கிக்கவே இல்ல, அது பெரிய விஷயம். நிஜமான வலி வந்தப்போ ஊசியும் அவங்க நிறுத்தினதும்தான் உதவுச்சு. அப்புறம் இன்னொண்ணு, எல்லாம் முடிஞ்சதும் நானே கேட்டேன், நாலு வருஷமா பாப் ஸ்மியர தள்ளிப்போட்டுட்டு வர்றேன், இன்னொரு நாள் வந்து எடுத்துக்கலாமான்னு. இன்னைக்கு ரத்தமா இருக்கு, ரெண்டு மாசம் கழிச்சு இதே ரூம்ல எடுக்கலாம்னு டேட் கொடுத்திருக்காங்க. பயாப்ஸி ரிப்போர்ட் வர நாள் ஆகும், வந்ததும் சொல்றேன்.

---

ஜன்னலோரம் எழுதியது:

படிச்சிட்டு எனக்கே மூச்சு வந்த மாதிரி இருக்கு. ரெஸ்ட் எடுங்க, காய்ச்சல் வந்தாலோ ப்ளீடிங் அதிகமானாலோ உடனே போய்க் காட்டிடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், கழட்டச் சொன்னீங்களே, எவ்ளோ நேரத்துல கழட்டினாங்க?

---

மழைமேகம் எழுதியது:

நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள கழட்டிட்டாங்க அக்கா. நர்ஸோட ஒரு கை ஆரம்பத்துல இருந்தே பட்டை மேலதான் இருந்துச்சாம்.